நடுமூளை உடற்கூறியலைக் கற்றலும் நினைவிற் கொள்ளுதலும்: பெயர், இடம், எண்

ஆய்வுச் சுருக்கம்

மூளைத்தண்டின் மிகக் குறுகிய பகுதியான நடுமூளை, மருத்துவ மாணவர் நினைவிற் கொள்ளத் திணறும் பகுதிகளுள் ஒன்றாகும். அதன் உறுப்புகளை ஆங்கில முதலெழுத்துத் தொடர்களால் மனனம் செய்யும் வழக்கம் இன்று வேரூன்றியுள்ளது. எழுத்தைச் சார்ந்த நினைவுக்குறிகள் மொழி மாறும்போது பயனிழக்கின்றன. பெயரின் பொருள், உறுப்பின் இடம், எண் ஆகியவற்றைச் சார்ந்தவை நிலைக்கின்றன என்பதை இக்கட்டுரை விளக்குகிறது. பெயரின் பொருளே கற்பவரை வழிதவறச் செய்யும் இடங்களும் சுட்டப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: நடுமூளை, உடற்கூறியல், கலைச்சொல், நினைவுக்குறி, தமிழ்வழிக் கல்வி

முன்னுரை

அரசுப் பள்ளிகளில் ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை பயின்றோர்க்கு மருத்துவப் படிப்பில் 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு வழங்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2020ஆம் ஆண்டு இயற்றப்பட்டது. இதன்வழி மருத்துவக் கல்லூரியில் நுழைவோருள் தமிழ்வழியில் பயின்றவர் பலர். பள்ளி அறிவியல் பாடநூலில் நடுமூளை சில வரிகளில் முடிந்துவிடும். மருத்துவப் படிப்பின் முதலாண்டில், சுமார் 2 செ.மீ. நீளமே உள்ள அதே பகுதி, பல பத்துப் பெயர்களாகப் பெருகி அவர்கள்முன் நிற்கிறது. அப்பெயர்களுள் பெரும்பாலானவை இலத்தீன், விளக்கம் ஆங்கிலம், மனனம் செய்யத் தரப்படும் உதவிக் குறிகளும் ஆங்கில எழுத்துகள். கற்கவேண்டிய பொருள் ஒன்றாயிருக்க, கடக்கவேண்டிய மொழித் தடைகள் இரண்டாகின்றன. இத்தடைகளுள் எவை பொருளின் இயல்பால் எழுபவை, எவை பெயரிடும் வழக்கால் மட்டும் எழுபவை என்று பிரித்தறிவது கலைச்சொல் ஆய்வின் எல்லைக்குள் வருவதாகும்.

பெயர்கள் பிறந்த விதம்

நடுமூளையின் உறுப்புகளுக்குப் பெயரிட்டோர் கையில் இருந்தவை கத்தியும் வெறுங்கண்ணுமே. அவர்கள் கண்டதைக் கண்டவாறு பெயரிட்டனர். வெட்டிய பரப்பில் கறுத்த பட்டை ஒன்று தெரிந்தது. அதனைப் பிரெஞ்சு உடற்கூறியலாளர் விக் தஸீர் 1786இல் விவரித்தார். இன்று வழங்கும் ‘சப்ஸ்டான்ஷியா நைக்ரா’ என்னும் பெயருக்குக் கரிய பொருள் என்பதற்கு மேல் ஆழமான கருத்து எதுவுமில்லை. நடுமூளையின் பின்புறத்தில் இரண்டிரண்டாக எழுந்து நிற்கும் நான்கு மேடுகள் ‘கோலிகுலஸ்’ எனப்பட்டன. சிறு குன்று என்பது அதன் பொருள். உணர்வு இழைகள் தட்டையாகச் செல்லும் கற்றை ‘லெம்னிஸ்கஸ்’, அதாவது நாடா. முன்புறத்துப் பருத்த இரு கற்றைகள் ‘க்ரஸ்’, அதாவது கால். இவ்வாறு நாடுதோறும் பள்ளிதோறும் பெருகிய பெயர்களை 1895இல் பேசல் நகரில் கூடிய உடற்கூறியலாளர் ஒழுங்குபடுத்தி இலத்தீனில் நிலைநிறுத்தினர்.

இலத்தீன் கற்ற 19ஆம் நூற்றாண்டு மாணவனுக்கு ஒவ்வொரு பெயரும் ஒரு படம். இன்றைய மாணவருக்கோ அது வெறும் ஒலி. ஆங்கிலவழியில் பயின்றவருக்கும் இந்நிலையே. ‘கோலிகுலஸ்’ என்னும் ஒலியில் குன்று தெரிவது அவருக்கும் இல்லை. ஆகவே இவ்விடத்தில் தமிழ்வழி மாணவர் பின்தங்கியவர் அல்லர். இருவரும் ஒரே இருட்டில் நிற்கின்றனர். பெயரை அதன் பொருளோடு சேர்த்துத் தமிழில் ஒருமுறை சொல்லிவிட்டால் படம் மீண்டுவிடுகிறது. பொருளுணர்ந்து கையாளப்பட்ட செய்தி, ஒலியளவில் கையாளப்பட்டதைக் காட்டிலும் நெடுநாள் நினைவில் நிற்கும் என்பது கிரெய்க், லாக்ஹார்ட் ஆகிய இருவர் 1972இல் முன்வைத்த கருத்து. மொழிபெயர்ப்பு இங்கே வெறும் மொழிப்பற்றின் வெளிப்பாடாக அன்றி நினைவின் கருவியாகவே செயற்படுகிறது.

இம்முயற்சி தமிழுக்குப் புதிதன்று. அமெரிக்க மிஷன் மருத்துவராக 1847இல் யாழ்ப்பாணம் வந்த சாமுவேல் பிஸ்க் கிறீன், மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூறியலைத் தமிழில் தரும் ‘மனுஷ அங்காதிபாதம்’ என்னும் பெருநூலை 1872இல் வெளியிட்டார். அவர் காலத்துச் சொற்களுள் வடசொற்கள் மிகுதி. இன்றைய மாணவருக்கு அவற்றுள் சில இலத்தீனைவிட அயலானவை. எனினும் மாணவர் அறிந்த மொழியில் பெயர் பேசவேண்டும் என்ற அவருடைய அடிப்படை இன்றும் பொருந்துகிறது.

மூன்று அடுக்கு, இரண்டு மட்டம்

பெயர் படமானால் மட்டும் போதாது. படங்கள் ஓர் இடத்தில் பொருந்தி நிற்கவேண்டும். நடுமூளையைப் பொறுத்தவரை அவ்விடத்தை அதன் பிறப்பே வகுத்துத் தருகிறது. கருவளர்ச்சியின் நான்காம் வாரத்தில் நரம்புக்குழலின் தலைப்பகுதி முன்மூளை, நடுமூளை, பின்மூளை என மூன்று குமிழ்களாகப் புடைக்கிறது. அடுத்த வாரத்தில் முன்மூளையும் பின்மூளையும் தனித்தனியே இரண்டாகப் பிரிகின்றன, நடுமூளை பிரிவதில்லை. முன்னும் பின்னும் உள்ள குழிகள் விரிந்து அறைகளாக, நடுமூளையின் குழல் மட்டும் ஒடுங்கிய கால்வாயாகவே எஞ்சுகிறது. மூளைத் தண்டுவடத் திரவம் மூன்றாம் அறையிலிருந்து நான்காம் அறைக்குச் செல்லும் வழி இதுவே. இது அடைபட்டால் மேலுள்ள அறைகள் வீங்கித் தலையில் நீர் தேங்கும் நிலை ஏன் உண்டாகிறது என்பதற்குத் தனி மனனம் வேண்டியதில்லை. கால்வாயின் ஒடுக்கமே விடை.

இக்கால்வாயை அடையாளமாகக் கொண்டால் குறுக்குவெட்டு மூன்று அடுக்குகளாகப் பிரியும். கால்வாய்க்குப் பின்னே இருப்பது கூரை, குன்றுகள் இங்குள்ளன. கால்வாய்க்கு முன்னே இருப்பது இடைப்பகுதி. நரம்புச்செல் திரள்களும் ஏறியிறங்கும் இழைக்கற்றைகளும் இங்குள்ளன. எல்லாவற்றுக்கும் முன்னே இரு கால்கள். இடைப்பகுதிக்கும் கால்களுக்கும் நடுவே கரிய பொருள் ஒரு திரையாக நிற்கிறது. பந்தற்கால், கட்டிற்கால் என்று தாங்கி நிற்பதையெல்லாம் கால் என்றே வழங்குகிற தமிழில் ‘க்ரஸ்’ என்பதற்கு வேறு சொல் தேடவேண்டியதில்லை. நீரோடும் வழியையும் தமிழ் கால் என்றே சொல்லும் என்பதால், அதனைக் கால்வாய் என முழுமையாகச் சொல்வது மட்டும் இன்றியமையாதது.

மூன்று அடுக்குகளை மேல்மட்டம், கீழ்மட்டம் என இரண்டாக வெட்டினால் ஆறு கட்டங்கள் கிடைக்கும். மேற்குன்று பார்வையோடு தொடர்புடையது. கீழ்க்குன்று கேள்வியோடு தொடர்புடையது. மேலே கண், கீழே காது என்னும் நான்கு சொற்களில் இது அடங்கும். மேற்குன்றின் மட்டத்தில் இடைப்பகுதியில் இருப்பவை மூன்றாம் மூளை நரம்பான கண் இயக்க நரம்பின் திரளும் சிவப்புத் திரளும். கீழ்க்குன்றின் மட்டத்தில் நான்காம் நரம்பின் திரள் உண்டு. சிறுமூளையிலிருந்து ஏறிவரும் இழைகள் இடவலம் மாறிக் கடப்பதும் அங்கேதான். அவ்வாறு கடந்த இழைகள் மேல்மட்டத்திற்குச் சென்று சிவப்புத் திரளை அடைகின்றன. எனவே கீழ்மட்டத்தில் கடத்தல், மேல்மட்டத்தில் திரள் என்ற வரிசை தற்செயலானதன்று.

கால்களுக்குள்ளும் ஓர் ஒழுங்கு உண்டு. ஒவ்வொரு காலையும் ஐந்து பங்காக்கினால் நடுவிலுள்ள மூன்று பங்கில் உடலை இயக்கும் இழைகள் இறங்குகின்றன. அவற்றுள் முகத்திற்குரியவை உட்புறம், பாதத்திற்குரியவை வெளிப்புறம், கைக்குரியவை இடையே. உள்ளோரத்து ஒரு பங்கு பெருமூளையின் நெற்றிக் கதுப்பிலிருந்து பான்ஸ் பகுதிக்குச் செல்வது. வெளியோரத்து ஒரு பங்கு ஏனைய கதுப்புகளிலிருந்து அங்கே செல்வது.

பெயர் ஏமாற்றும் இடங்கள்

பொருள் தரும் பெயர் எல்லா இடங்களிலும் துணைசெய்யும் என்று கொள்வதற்கில்லை. ‘டெக்டம்’, ‘டெக்மெண்டம்’ ஆகிய இரண்டும் மூடுதல் என்னும் பொருளுடைய ஒரே இலத்தீன் வினையடியிலிருந்து பிறந்தவை. முதலாவதைக் கூரை என்பதில் இடரில்லை. இரண்டாவதைச் சொற்பொருள் நோக்கி ‘மூடி’ என மொழிபெயர்த்தால், நடுவில் இருக்கும் பகுதியை மேலே தேடவேண்டிய நிலை மாணவருக்கு ஏற்படும். ஒலியால் ஒத்த இவ்விரு சொற்களைத் தேர்வறையில் மாற்றி எழுதுவது எதிர்பார்க்கத்தக்கதே. இடத்தை நோக்கி இடைப்பகுதி எனப் பெயரிடுவதே இங்குப் பொருத்தம். சொல்லுக்குச் சொல் உண்மையாக இருப்பதைக் காட்டிலும் உறுப்புக்கு உண்மையாக இருப்பது கலைச்சொல்லின் முதற்கடமை.

‘நியூக்ளியஸ்’ என்பது இன்னொரு சிக்கல். பள்ளி உயிரியலில் அது உட்கரு. ஒரு செல்லின் உள்ளே இருப்பது. நரம்பு உடற்கூறியலிலோ அது ஆயிரக்கணக்கான நரம்புச்செல்களின் உடல்கள் ஓரிடத்தில் திரண்ட தொகுதி. இரண்டையும் உட்கரு என்றே எழுதினால், செல்லுக்குள் இருக்கவேண்டிய ஒன்று செல்களையெல்லாம் தன்னுள் அடக்கி நிற்பது எவ்வாறு என்ற குழப்பம் எழும். திரள் என்ற சொல்லை இக்கட்டுரை ஆள்வது இதனாலேயே.

கரிய பொருளுக்குக் ‘கரும்பொருள்’ எனச் சுருக்கமாகப் பெயரிடத் தோன்றலாம். ஆயின் முதல், கரு, உரி என்ற திணைப் பாகுபாட்டை அறிந்த கண்களுக்கு அச்சில் அது ‘கருப்பொருள்’ என்றே படும். ஒரு மெய்யெழுத்தின் மேல் ஒரு கலைச்சொல்லின் பாரத்தை முழுவதும் ஏற்றுவது தக்கதன்று. கருநிறப் பொருள் என்று சற்று நீளமாகச் சொல்வதே நலம்.

நான்காம் நரம்பு வேறு வகையான எடுத்துக்காட்டு. அதன் பெயர் ‘ட்ராக்லியர்’. ட்ராக்லியா என்றால் கப்பி. நடுமூளையில் கப்பி எங்கே என்று தேடுபவர் ஏமாறுவார். கப்பி இருப்பது கண்குழியின் உள்மேல் மூலையில். இந்நரம்பு இயக்கும் மேற்சாய்தசையின் நாண் அங்குள்ள வளையத்தில் நுழைந்து, கிணற்றுக் கயிறு ராட்டினத்தில் திரும்புவதுபோலத் திரும்பிக் கண்விழியைப் பற்றுகிறது. பெயர் இவ்வாறு நரம்பு தொடங்கும் இடத்தை விட்டு அது சென்று சேரும் இடத்தைச் சொல்கிறது. கப்பி நரம்பு என்று தமிழில் வழங்கினால் அதன் செயலும் உடன் நினைவுக்கு வரும்: பாரம் மேலிருக்க, இழுப்பு கீழ்நோக்கி. மூக்கை நோக்கித் திரும்பிய விழியைக் கீழ்நோக்கித் தாழ்த்துவது இத்தசையே. இந்நரம்பு செயலிழந்தவர் படியிறங்கவும் நூல் படிக்கவும் இடர்ப்படுவது இதனால்தான்.

எழுத்தும் எண்ணும்

கண்ணசைவுத் தசைகளின் நரம்புகளை நினைவிற் கொள்ள ‘எல்ஆர்6, எஸ்ஓ4’ என்ற குறி மருத்துவக் கல்லூரிகளில் வழங்குகிறது. வேதியியல் வாய்பாடு போன்ற தோற்றமே அதன் கவர்ச்சி. வெளிநேர்த்தசைக்கு ஆறாம் நரம்பு, மேற்சாய்தசைக்கு நான்காம் நரம்பு, எஞ்சியவற்றுக்கு மூன்றாம் நரம்பு என்பது அதன் பொருள். இதிலுள்ள எழுத்துகள் ஆங்கிலப் பெயரை அறிந்தவருக்கு மட்டுமே பயன்படும். எண்கள் எவருக்கும் பயன்படும்.

மூளைத்தண்டு முழுமைக்குமான ‘நான்கின் விதி’யைப் பீட்டர் கேட்ஸ் 2005இல் வெளியிட்டார். நரம்பியல் வல்லுநரல்லாத மருத்துவர்க்காக வகுக்கப்பட்ட அவ்விதியின் ஒரு பகுதி எழுத்தால் ஆனது: நடுக்கோட்டை ஒட்டிய நான்கு உறுப்புகள் ‘எம்’ எழுத்திலும் பக்கவாட்டிலுள்ள நான்கு ‘எஸ்’ எழுத்திலும் தொடங்குகின்றன. மற்றொரு பகுதி எண்ணால் ஆனது: நடுக்கோட்டை ஒட்டி அமையும் இயக்கத் திரள்கள் 3, 4, 6, 12 ஆகிய நரம்புகளுக்கு உரியவை, ஒன்றையும் இரண்டையும் நீக்கினால் 12ஐ மீதியின்றி வகுக்கும் எண்கள் இவையே. தமிழில் பெயர்த்தவுடன் முதற்பகுதி உதிர்ந்துவிடுகிறது. இரண்டாம் பகுதி சிதையாமல் நிற்கிறது. நடுமூளைக்கு உரியவை இவற்றுள் முதல் இரண்டும். 6 பான்ஸுக்கும் 12 முகுளத்துக்கும் உரியன என்பதால் எண் ஏற ஏற இடம் கீழிறங்குகிறது என்ற கூடுதல் ஒழுங்கும் கிடைக்கிறது.

முதலெழுத்துக் குறி தமிழில் எளிதில் அமையாமைக்கு எழுத்துமுறையும் ஒரு காரணம். க, கா, கி என்பன வெவ்வேறு எழுத்துகளாக நிற்பதால், பல சொற்கள் ஒரே எழுத்தில் தொடங்கும் வாய்ப்பு ஆங்கிலத்தைவிடக் குறைவு. இதனால் தமிழ்மரபில் எழுத்துத் தொடர் மனனமே இல்லை என்றாகாது. கசடதபற என்பதனைத் தமிழ் கற்ற எவரும் மறப்பதில்லை. அத்தொடர் நிலைப்பதற்கு ஓசை மட்டும் காரணமன்று. க முதல் ப வரையிலான ஐந்தும் நாவின் அடியில் தொடங்கி இதழில் முடிகின்றன. தமிழின் சிறப்பெழுத்தான ற இறுதியில் நிற்கிறது. வாயின் உள்ளிருந்து வெளிநோக்கிச் செல்லும் அவ்வரிசை ஒருவகையில் உடற்கூற்று வரிசையே. மறந்தாலும் ஒலித்துப் பார்த்து மீட்டுக்கொள்ளலாம். ஆங்கில முதலெழுத்துத் தொடர்கள் பலவற்றுக்கு இந்த வசதி இல்லை. ஓரெழுத்தை மறந்தால் அதனை மீட்க உறுப்பின் அமைப்பில் வழியேதும் இருப்பதில்லை.

நோயின் வழி

அமைப்பைக் கற்றதன் பயன் நோயாளியின் படுக்கையருகே தெரியும். நடுமூளையின் நோய்த்தொகுதிகள் ஆட்பெயர்களால் வழங்குவதால், பட்டியலாக மனனம் செய்யப்பட்டு விரைவில் மறக்கப்படுகின்றன. அடுக்குகளில் பொருத்தினால் அவற்றைத் தருவித்துக்கொள்ளலாம். கண் இயக்க நரம்பு தன் திரளிலிருந்து புறப்பட்டு, சிவப்புத் திரளினூடாக முன்னேறி, கால்களின் உட்புறமாக வெளிவருகிறது. இவ்வழியில் எங்குச் சிதைவு நேர்ந்தாலும் அதே பக்கத்துக் கண்ணிமை தாழும். விழி வெளிநோக்கிச் சாயும். காலிலேயே சிதைவு எனில், உடலை இயக்கும் இழைகள் கீழே முகுளத்தில்தான் இடம் மாறுவதால், மறுபக்கக் கையும் காலும் செயலிழக்கும்; ஹெர்மன் வெபர் 1863இல் விவரித்தது இது. சிதைவு சற்றுப் பின்னே, இடைப்பகுதியின் சிவப்புத் திரளில் எனில், மறுபக்கத்தில் நடுக்கமும் தன்னியக்க அசைவும் தோன்றும். இது பெனடிக்ட் பெயரால் வழங்குவது. மேற்குன்றை ஒட்டிய கூரைப்பகுதி அழுத்தப்பட்டால் இரு விழிகளும் மேல்நோக்க இயலாமற் போகும்; இது பாரினோ பெயரால் வழங்குவது. முன், இடை, பின் என மூன்று அடுக்குக்கு மூன்று பெயர்.

கப்பி நரம்பு இங்கும் விதிவிலக்கு. மூளை நரம்புகளுள் பின்புறமாக வெளிவருவது இது ஒன்றே; வெளிவருமுன் தன் இணையோடு இடவலம் மாறிக்கொள்வதால் எதிர்ப்பக்கக் கண்ணுக்குச் செல்கிறது.

கருநிறப் பொருளின் கதை நீண்டது. ஜேம்ஸ் பார்க்கின்சன் 1817இல் நடுக்குவாதத்தை விவரித்தபோது அதன் இருப்பிடம் அறியப்படவில்லை. பாரிசில் 1919இல் தம் ஆய்வேட்டை அளித்த திரெத்தியாக்கோவ், அந்நோயாளிகளின் நடுமூளையில் கருமை வெளிறியிருப்பதைச் சுட்டினார். அக்கருமை டோபமின் சுரக்கும் செல்களில் சேரும் நிறமி. வயதோடு சேர்வதாகையால் பிறந்த குழந்தையிடம் இல்லை. கருநிறம் மங்கினால் டோபமின் குறைந்தது என்று பொருள். 18ஆம் நூற்றாண்டில் வெறும் நிறத்தைக் குறித்து எழுந்த பெயர் நோயின் காரணத்தையே சொல்வதாக முடிந்தது, பெயரிட்டோர் எதிர்பாராதது.

படமும் மீட்டலும்

இவ்வளவும் அறிந்த மாணவரும் தடுமாறும் ஓரிடம் உண்டு. உடற்கூறியல் நூல்களில் நடுமூளையின் குறுக்குவெட்டு பெரும்பாலும் கூரை மேலாகவும் கால்கள் கீழாகவும் வரையப்படுகிறது. காந்த அதிர்வுப் படத்திலோ நோயாளி மல்லாந்து கிடப்பதால் கால்கள் மேலும் கூரை கீழும் இருக்கும். முதலாண்டில் பழகிய படம் மருத்துவமனையில் தலைகீழாகிறது. வில்சன் நோயில் தோன்றும் ‘பாண்டா முகம்’ இத்தலைகீழ்ப் படத்திற்கே உரியது: சிவப்புத் திரள்கள் கண்களாகவும் கருநிறப் பொருளின் வெளியோரங்கள் காதுகளாகவும் மேற்குன்றுகள் வாயாகவும் தெரியும். நூற்படத்தை மட்டும் பழகியவருக்கு அம்முகம் புலப்படாது. ஆகவே மேல், கீழ் என்பதைவிட முன், பின் என்று அடுக்குகளைப் பெயரிட்டுப் பழகுவதும், ஒரே வெட்டை இருவகையாகவும் வரைவதும் தேவையாகின்றன.

வரைவது நூலைப் பார்த்தன்று. ரோடிகர், கார்ப்பிக் ஆகியோர் 2006இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு பகுதியைத் திரும்பத் திரும்பப் படித்தோர் ஐந்து நிமிடங்களுக்குப் பின் நடந்த தேர்வில் முந்தினர். படித்ததை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தோரே ஒரு வாரத்திற்குப் பின் முந்தினர். திரும்பப் படிப்பது தெரிந்துவிட்டது என்ற நிறைவைத் தரும். எழுதிப் பார்ப்பது தெரியாததைக் காட்டும். நடுமூளைக்கு இது மிக எளிது. வெற்றுத்தாளில் மூன்று வரிசை, இரண்டு நிரல் என ஆறு கட்டங்கள் கீறி, கால்வாயைக் குறித்து, ஒவ்வொரு கட்டத்திலும் உரிய உறுப்பைத் தமிழிலும் இலத்தீன் பெயரிலும் எழுத ஐந்து நிமிடம் போதும். எந்தக் கட்டம் வெறுமையாக நிற்கிறதோ, மறுநாள் படிப்பை அங்கே தொடங்கலாம்.